நூற்றுக்கு நூறு வாங்கிய சூத்திரம்

வளனின் உயிர் முப்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா. யாரோ ஆத்திரத்தில் சொன்ன விலை அல்ல இது. தென்கரைக் கருவாட்டு ஏற்றுமதிக் கூட்டுறவுச் சங்கம் டைப் அடித்து, ரப்பர் முத்திரை குத்தி, வளனின் தாய் பிளாரன்ஸுக்குத் தபாலில் அனுப்பிய பில்லில் இருந்த விலை. தோணியில் வேலை செய்கிறவனுக்கு ஒரு பருவத்துக் கூலி ஆயிரத்து ஐந்நூறு, அதில் சேவைக் கட்டணம் இரண்டரை சதவீதம் என்று விலைக்கு விளக்கமும் கீழே கொடுத்திருந்தார்கள். தூத்துக்குடியில் உப்பானாலும் சரி, சங்கானாலும் சரி, சொன்ன விலைக்கு ஒருவரும் வாங்க மாட்டார்கள். பாதி விலைக்குக் கேட்டு, முக்கால் விலைக்கு முடித்து, வீட்டுக்குப் போய் ஏமாந்துவிட்டோம் என்று வருத்தப்படுவதுதான் ஊர் வழக்கம். மீன் விற்ற நாளில் பிளாரன்ஸும் அந்த வித்தையில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் இந்த ஒரு பில்லை மட்டும் வாய் திறக்காமல் கட்டினாள்.

முன்பெல்லாம் தோணி புறப்படும் நாளைத் தண்டலும் வியாபாரியும் கடற்கரையில் நின்று சத்தம் போட்டு முடிவு செய்வார்கள். தோணியை நடத்திப் போகிறவர்தான் தண்டல். அவர் வானத்தைக் காட்டுவார். வியாபாரி கொழும்பிலிருந்து வந்த தந்தியைக் காட்டுவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, காப்பி குடித்து, ஒரு நாளைச் சொல்வார்கள். இதில் ஊழல் இருக்கிறது, பாரபட்சம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோப்பு இல்லை என்பது எழுபதுகளின் தொடக்கத்தில் மேலிடத்துக்குத் தெரியவந்தது. உடனே சங்கம் பிறந்தது. கரையிலிருந்து கொழும்புக்குப் போகும் கருவாடு அத்தனையும் சங்கத்தின் சரக்கு. சங்கம் சொல்லும் நாளில் தோணி புறப்பட வேண்டும். மாட்டேன் என்கிறவனின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். பெயர் போனவனுக்கு எந்தத் தோணியிலும் இடம் கிடையாது.

சங்கத்துக்குத் தனி அதிகாரி செல்வதுரை. அதற்கு முன் கோழிப்பண்ணைச் சங்கம் ஒன்றைக் கோழிகள் தீரும்வரை நடத்தியவர். கடலைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் பீச் ரோட்டில் இருந்த அலுவலகத்தில் அவருடைய நாற்காலி கடலுக்கு முதுகைக் காட்டியபடி கிடந்தது. கடல் பக்கத்து ஜன்னல்களையும் காற்றில் கோப்புகள் பறக்கின்றன என்று சொல்லி ஆணி அடித்து மூடிவிட்டார்கள்.

அவருக்குக் கீழே புள்ளிவிவர அதிகாரி எஸ்றா, நாசரேத்துக்காரர். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. நல்ல மனிதர்; யாரையும் ஏறிட்டுப் பார்த்துப் பேச மாட்டார். அவர்தான் சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர். எந்த வாரம் சரக்கை அனுப்பலாம், எந்த வாரம் அனுப்பக் கூடாது என்று மனிதர் கை படாமல் தானாகவே சொல்லும் விதி அது. செல்வதுரைக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

"மனுஷன் முடிவெடுத்தா ஆசை வரும், பயம் வரும், மச்சான் வருவான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். "சூத்திரத்துக்கு மச்சான் கெடையாது."

விதி நல்ல விதிதானா என்று அறிய எஸ்றா ஒரு சோதனைக் கருவியும் செய்துவைத்திருந்தார். கொழும்புக்குப் போய்வந்த பழைய பயணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. அட்டையின் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள்: மாதத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று. சூத்திரத்துக்குப் பொருந்துகிற ஓட்டையை மட்டும் ஓரம்வரை வெட்டித் திறந்திருப்பார்கள். அட்டைக் கட்டில் நீண்ட ஊசியைச் செருகித் தூக்கி ஆட்டினால், சூத்திரம் அன்றைக்கே இருந்திருந்தால் எந்தப் பயணங்களுக்குப் 'போ' என்று சொல்லியிருக்குமோ அந்த அட்டைகள் மட்டும் கீழே விழும். விழுந்த அட்டைகளில் எத்தனை லாபம் காட்டுகிறதோ அதுதான் சூத்திரத்தின் மார்க். ஊசி வாங்கியது தனிக் கதை. பாய் தைக்கிற ஊசி கடற்கரையில் நாலணாவுக்குக் கிடைத்தது. ஆனால் அது டெண்டரில் வரவில்லை. கடைசியில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒன்று கொடைக்கானலிலிருந்து பதினான்கு ரூபாய்க்கு வந்தது. சித்திரை வெயிலில் அதைப் பார்த்த பியூன் சுடலைமாடனுக்கு வேர்த்தது.

அந்த ஊசியை வைத்துத்தான் நவம்பர் மூன்றாம் வாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாரத்துப் பயண அட்டை அத்தனையும் லாபம். மழையில் கருவாடு காயாத காலம் அது. கொழும்பில் இறங்கிய கருவாடெல்லாம் தங்க விலைக்குப் போயிருந்தது. நூற்றுக்கு நூறு. காற்றும் மழையும் மாறிமாறி அடிக்கிற அந்த வாரத்தில் புறப்பட்டுக் கொழும்பில் இறங்காத தோணிகளும் உண்டு. இறங்காத கருவாட்டை விற்க முடியாது. விற்காததற்கு விற்பனைச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாததற்கு அட்டை போடவில்லை. ஆகவே அப்படித் தோணிகள் போனதே ஊசிக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பிளாரன்ஸின் கணவர் ரோச் தண்டல், சூத்திரம் சொன்ன நவம்பர் மூன்றாம் வாரத்து வியாழக்கிழமை, ஆறு பேரோடு 'சலேத் மாதா' தோணியில் பாய் விரித்துப் போனார். கொழும்பில் இறங்கவில்லை. வேறெங்கும் இறங்கவில்லை. ஏழு வருஷம் போனால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்று துறைமுக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சங்கத்தின் புத்தகத்தில் சலேத் மாதாவுக்கு நேரே 'வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். அதிலிருந்த கருவாட்டை வழியில் உள்ள சரக்காகப் பாவித்து வருஷா வருஷம் அன்றைய சந்தை விலைக்கு மதிப்புப் போட்டார்கள். கடலுக்கடியில் கிடந்த கருவாடு முதல் வருஷம் பன்னிரண்டாயிரம் ரூபாய், இரண்டாம் வருஷம் பதினைந்தாயிரம். சங்கத்தின் சரக்குகளில் கெட்டுப்போகாமல் விலை ஏறிக்கொண்டே போனது அது ஒன்றுதான்.

இந்த வருஷ நவம்பருக்கு வளனின் பெயர் வந்திருந்தது. இருபத்தொரு வயது. 'ஆரோக்கிய மாதா' தோணியில் இடம்.

பிளாரன்ஸ் மகனிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவன் வலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் உப்பளத்தில்தான் கால் வெந்து சாகவேண்டும் என்றான். நான் போகாவிட்டால் வேறு ஒருவன் போவான், தோணி எப்படியும் போகும் என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அன்றைக்குக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தப் பெட்டியில் எல்லாருக்கும் அட்டை இருக்கிறது, அவள் வீட்டுக்காரருக்கு இல்லை. அவருக்கும் ஒரு அட்டை போட்டுவிட்டால் நவம்பர் என்றால் என்ன என்று அந்த ஊசிக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அது பிள்ளையைப் போகச் சொல்லாது.

மனு எழுதிக்கொண்டு போனாள். சுடலைமாடன் வாங்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, இதுல பொருள்னு ஒரு எடம் இருக்கு பாரு. அங்கன ஒண்ணும் எழுதலயே" என்றான். அவள் யோசித்து, 'ரோச்' என்று எழுதச் சொன்னாள்.

எஸ்றா மனுவை இரண்டு தரம் படித்தார். பிறகு அதனிடமே கேட்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"விற்பனைச் சீட்டு கொண்டுவந்திருக்கீங்களா அம்மா?"

"கரை சேரலயே சார்."

"அப்போ பயணம் முடியலைன்னு அர்த்தம். முடியாத பயணத்துக்கு எப்படி அட்டை போடுறது?"

"அது முடிஞ்சுபோச்சு சார்."

எஸ்றா சங்கத்தின் புத்தகத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். 'வந்துகொண்டிருக்கிறது' என்று சிவப்பு மையில், அழகான கையெழுத்தில் இருந்தது. பிளாரன்ஸ் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு வருஷமாக ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கே நம்பலாமா என்று இருந்தது.

அடுத்த வாரம் மகாசபை. ரோச்சின் பங்குச் சீட்டு இருந்ததால் அவளும் போனாள். வடை தட்டுகள் வாசலில் வந்து நின்றதால் கூட்டம் நிறைந்திருந்தது. செல்வதுரை எழுந்தார்.

"உறுப்பினர்களே, கடந்த பதினைந்து வருஷத்தில் நம் சூத்திரம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. சூத்திரம் வந்து மூன்று வருஷம்தானே ஆகிறது என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷத்திலும் அது தோற்றிருக்காது என்பதைச் சோதித்து நிரூபித்துவிட்டோம். போனது அத்தனையும் நம் கைக்குள் இருக்கிறது. இனி வருவது ஏதாவது வேறு மாதிரி வந்தால் அது நம் பொறுப்பில் வராது. இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் சங்கத்தில் யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. நானே மூன்று வருஷமாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. அதனால்தான் இதுவரை ஒரு தவறும் நடக்கவில்லை."

கைதட்டினார்கள். தட்டி முடித்தால்தான் வடை வரும். அந்த இடைவெளியில் பிளாரன்ஸ் எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு அட்டை போட்டுத்தாங்க ஐயா என்று மட்டும் கேட்டாள்.

மனிதாபிமானத்தைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று செல்வதுரைக்குப் பட்டது. அங்கேயே 'சோதனைக் கருவி மேம்பாட்டுக் குழு' அமைத்தார். தலைவர் செல்வதுரை. செயலாளர் எஸ்றா. குழுவைக் கண்காணிக்கும் மேற்குழுவின் தலைவர் செல்வதுரை.

குழு நியாயமாகவே நடந்துகொண்டது. ரோச்சுக்கு ஓர் அட்டை போட்டார்கள். விற்பனை என்ற இடத்தில் பூஜ்யம். ஊசியைச் செருகி ஆட்டியதும் மற்ற அட்டைகளோடு அதுவும் விழுந்தது. எஸ்றா கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றினார். நூற்றுக்கு எண்பத்தெட்டு. மறுபடியும் சுற்றினார். எண்பத்தெட்டுதான். மேசையில் கிடந்த ஒற்றை அட்டையைச் செல்வதுரை கம்பளிப்பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் இருந்த பிளாரன்ஸிடம் சுடலைமாடன் வந்து, "யக்கா, மார்க் கொறைஞ்சுபோச்சு. ஒங்க வீட்டுக்காரரு பன்னெண்டு மார்க்கைக் கொண்டுபோயிட்டாரு" என்றான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று சாயந்தரம் மகனுக்கு நெத்திலி பொரித்துக் கொடுத்தாள்.

உள்ளே நடந்த பேச்சு வேறு. சூத்திரத்தை மாற்றலாமா என்று எஸ்றா மெதுவாகக் கேட்டார்; நவம்பரை விட்டுவிடலாமே என்றார். செல்வதுரை சிரித்தார். நவம்பரை விட்டால் லாபம் போச்சு. லாபம் போனால் சங்கம் எதற்கு, நீர் எதற்கு, நான் எதற்கு. குற்றம் சூத்திரத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. அட்டையில் ஓட்டை போதாது. அந்தத் தோணியில் மற்ற தோணிகளில் இல்லாதது ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து ஓட்டை போட்டால் அந்த அட்டை விழாது, விழாவிட்டால் அந்தத் தோணி போகவே போயிருக்காது, போயிருக்காவிட்டால் மூழ்கியிருக்காது. நூற்றுக்கு நூறு.

எஸ்றாவுக்கு இதில் ஏதோ தப்பு என்று தோன்றியது. ஆனால் மார்க் குறைந்த சூத்திரம் அவருடைய சொந்தப் பிள்ளை. பெயிலாகி வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்க்கிற தகப்பனின் முகம் அவருக்கு வந்திருந்தது.

பிளாரன்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ரோச்சைப் பற்றிய விவரமெல்லாம் வேண்டும் என்றார்கள். மீசை உண்டா, உண்டென்றால் என்ன மாதிரி. புறப்பட்ட அன்று என்ன சாப்பிட்டார். பாயில் ஒட்டு இருந்ததா. எந்தக் காலை முதலில் வைத்து ஏறினார். தோணியில் கோழி இருந்ததா என்பது செல்வதுரை கேட்டது. அவருக்குப் பழைய ஞாபகம்.

அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவர் காணாமற்போன முதல் மாதம் ஊரே வந்து உட்கார்ந்து அழுதது. அதற்கப்புறம் அவர் பேச்சை எடுத்தால் எல்லாரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இங்கே இரண்டு படித்த மனிதர்கள் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, அவருக்கு மீனில் தலை பிடிக்குமா நடு பிடிக்குமா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்காததையும் அவள் சொன்னாள். மீசை இடது பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது. பழையசோறும் சாளைக் குழம்பும் சாப்பிட்டாவ. பிள்ளை தூங்குதான் எழுப்பாதன்னு சொல்லிட்டுப் போனாவ. கதவைச் சாத்தும்போது எப்பவும் ரெண்டு தரம் சாத்துவாவ. அன்னைக்கு ஒரு தரந்தான் சாத்துனாவ.

எஸ்றா எழுதுவதை நிறுத்திவிட்டார். கதவுக்கு ஓட்டை போடலாமா என்று செல்வதுரை கேட்டார்.

"அவர் அப்பா இருக்காரா அம்மா?" என்று எஸ்றா கடைசியாகக் கேட்டார், பேச்சை முடிப்பதற்காக.

"எங்க மாமா பெரியதாழைக்காரவ சார். அவுகளும் கடல்லதான் போனாவ. இவுக சின்னப் பிள்ளையா இருக்கும்போது. ஒடம்பு கெடைக்கல."

எஸ்றாவின் பேனா மறுபடி ஓடியது. தகப்பனைக் கடலில் இழந்தவர் தோணியில் இருந்தாரா? இருந்தார். மற்ற அட்டைகளில்? அந்த விவரம் யாரும் கேட்டதே இல்லை; ஆகவே எழுதவும் இல்லை. எழுதாததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வது அலுவலக நடைமுறை. எல்லா அட்டைக்கும் ஒரே நாளில் புதிய ஓட்டை போட்டு, 'இல்லை' என்றவற்றை ஓரம்வரை வெட்டித் திறந்தார்கள். ஊசியைச் செருகி ஆட்டினார்கள். ரோச்சின் அட்டை மட்டும் ஊசியில் தொங்கியது. மற்றவை விழுந்தன. நூற்றுக்கு நூறு.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. சூத்திரத்தின்படி ரோச் இறந்தவர். சங்கத்தின் புத்தகப்படி வந்துகொண்டிருப்பவர். செல்வதுரை அதையும் தீர்த்துவைத்தார். சூத்திரத்தின் தேவைக்கு இறந்தவர், கணக்கின் தேவைக்கு உயிரோடு இருப்பவர் என்று கோப்பில் குறிப்பு எழுதினார்.

திருத்திய விதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கடலில் தகப்பனை இழந்த எவரும் நவம்பரில் தோணியில் ஏறக் கூடாது. அப்படிப்பட்டவர் பட்டியலில் இருந்தால் அவரை இறக்கிவிட்டு, தகப்பன் நலமாக உள்ள ஒருவரை ஏற்றிக்கொண்டு தோணி குறித்த நாளில் புறப்படும். கீழே பெயர்: வளன், த/பெ ரோச். நீக்கம்.

சுடலைமாடன் வாசித்துக் காட்டினான். 'நீக்கம்' என்ற சொல் வந்ததும் பிளாரன்ஸ் பலகையைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை.

சாயந்தரம் பக்கத்து வீட்டு விக்டோரியா மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவள் வீட்டுக்காரன் செபாஸ்டின் ஆறு மாதமாகத் தோணியில் இடம் கேட்டு நடந்துகொண்டிருந்தான்.

"மைனி, அவுகளுக்கு எடம் கெடைச்சிருச்சு. ஆரோக்கிய மாதால. இன்னைக்குத்தான் கூப்பிட்டுச் சொன்னாவளாம். அப்பா நல்லா இருக்காவளான்னு மட்டும் கேட்டாவளாம். நல்லா இருக்காவன்னு சொன்னதும் கையெழுத்து வாங்கிட்டாவ" என்று சொல்லி ஒரு மக்ரூனை எடுத்துப் பிளாரன்ஸின் வாயில் வைத்தாள்.

பிளாரன்ஸ் மென்றாள். முழுங்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று இருந்தாள். முழுங்கியபோது விக்டோரியா வேறு பேச்சுக்குப் போயிருந்தாள். அவுககிட்டப் பெட்டி இல்லை மைனி, வளன் தம்பி பெட்டி சும்மாதான இருக்கும் என்றாள்.

வளனின் தகரப்பெட்டி மூலையில் இருந்தது. மகன் போய்த்தான் ஆகவேண்டும் என்று இருந்த நாளில் பிளாரன்ஸ் தன் கையாலேயே அதை அடுக்கிவைத்திருந்தாள். சுக்கு, மிளகு, கம்பளித் துண்டு, ஜெபமாலை, ஒரு சாளை ஊறுகாய் பாட்டில். எதையும் எடுக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்தாள். வளன் உள்ளே இருந்தான்; வெளியே வரவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றாள். தோணியையே நிறுத்த வேண்டும் என்று கேட்க வந்திருந்தாள். செல்வதுரைக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"உங்க பிள்ளை வீட்டுல இருக்கானாம்மா?"

"இருக்கான் ஐயா."

"அப்போ குறை தீர்ந்துபோச்சு. குறை தீர்ந்தவங்க மனு கொடுக்க முடியாது. யாருக்காகக் கேக்கீங்க?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஐயா."

"அவன் தகப்பனார்?"

"பெரியதாழைல கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருக்காவ."

"பிறகென்ன?" என்று செல்வதுரை கையை விரித்தார். "நீங்க கேட்டுத்தானேம்மா இந்த விதியையே போட்டோம். இந்தக் கரையில ஒரு பொம்பளை சொல்லி சர்க்கார் சட்டத்தைத் திருத்தினதுன்னா அது நீங்க ஒருத்திதான். பெருமைப்படணும்."

எஸ்றா தன் மேசையில் குனிந்திருந்தார். அவரிடம் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை. ஊசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேரே விக்டோரியாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் நடந்தாள். போகாதேன்னு சொல்லுளா, இவுக கணக்கு பொய்க்கணக்கு என்று சொல்ல வாய்க்குள் தயார் செய்துகொண்டே போனாள். வாசலில் செபாஸ்டின் உட்கார்ந்து தகரப்பெட்டியின் மூடியில் பெயிண்டால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். 'ஸ்' சரியாக வரவில்லை என்று விக்டோரியா சிரித்துக்கொண்டிருந்தாள். செபாஸ்டின் இறங்கினால் ஓர் இடம் காலியாகும். இடம் காலியானால் மறுபடி பட்டியலைப் பார்ப்பார்கள். சூத்திரத்துக்கு மச்சான் இல்லை. ஆனால் ஆள் கிடைக்காவிட்டால் விதிக்கு விலக்கு எழுதத் தெரிந்த கை அங்கே இருக்கிறது. வீட்டில் வளன் இருக்கிறான்.

"என்ன மைனி?" என்றாள் விக்டோரியா.

"கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்றாள் பிளாரன்ஸ்.

உப்பு விளைகிற ஊரில் அவள் உப்புக் கடன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆரோக்கிய மாதா நவம்பர் மூன்றாம் வாரத்தில் புறப்பட்டது. சங்கத்தின் சார்பில் மாலை போட்டார்கள். நான்காம் நாள் காற்று திரும்பியது. கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளங்களைக்கூட இன்னும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தின் ஜன்னல்கள் ஏற்கெனவே ஆணி அடித்துக் கிடந்ததால் கோப்புகளுக்குச் சேதமில்லை. கொழும்பிலிருந்து தந்தி வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. தந்தி வரவில்லை.

புத்தகத்தில் ஆரோக்கிய மாதாவுக்கு நேரே 'வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதினார்கள். இரண்டு தோணிச் சரக்கு வழியில் இருந்ததால் சங்கத்தின் சொத்து மதிப்பு உயர்ந்து, அந்த வருஷம்தான் முதன்முறையாகப் பங்காதாயம் அறிவித்தார்கள். திருத்திய விதியால் நேரடியாகப் பயன்பெற்றவர் பட்டியலும் தயாரானது. அதில் ஒரே ஒரு பெயர். பயன் என்றால் கட்டணம் உண்டு. அப்படித்தான் முப்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா பில் தை மாதம் பிளாரன்ஸின் வீட்டுக்கு வந்தது.

பில் வந்த அன்றைக்கே விக்டோரியாவும் வந்தாள். மெலிந்திருந்தாள். மாசமாக இருப்பது தெரிந்தது. மனு எப்படி எழுதுவது மைனி என்று கேட்டாள். நீங்க போயி வளன் தம்பிக்கு நல்லது செஞ்சுட்டு வந்தியளே, எனக்கும் வழி காட்டுங்க என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் பிளாரன்ஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். வளன் ஒரு மாதமாக உப்பளத்தில் வெட்டிய கூலி பிளாரன்ஸின் முந்தானையில் முடிந்திருந்தது. தோணி புறப்பட்ட மறுநாளே அவன் போய்ப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டான். தாயோடு பேசுவதும் குறைந்துபோயிற்று.

எஸ்றா விக்டோரியாவை உட்காரச் சொன்னார். புதிய அட்டை ஒன்றை எடுத்தார். கேள்விகளை வரிசையாகக் கேட்டார். மீசை உண்டா. என்ன சாப்பிட்டார். விக்டோரியா முதலில் விம்மினாள். பிறகு, இரண்டு மாதமாக யாரும் கேட்காததைக் கேட்கிறார்களே என்று, நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். பெட்டியில் பெயர் எழுதியதைச் சொன்னாள். 'ஸ்' சரியாக வராததைச் சொன்னாள்.

"கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார் எஸ்றா. பதில் வந்ததும் பேனா ஓடியது. ஓட்டை கிடைத்துவிட்டது என்று பிளாரன்ஸுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த நவம்பரில் புதுமாப்பிள்ளைகள் பிழைப்பார்கள்.

அவள் கவுன்டருக்குப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை வைத்தாள். சுடலைமாடன் எண்ணினான். யக்கா, இதைக் கொறைச்சுத் தரச் சொல்லிக் கேக்கலாமே, தவணைகூட உண்டே என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பாக்கி என்று ஒரு இடம் இருக்கிறதா, அதில் ஒரு பெயர் எழுத முடியுமா என்று கேட்டாள். அந்த இடத்தில் ரூபாய்தான் எழுதலாம், பெயர் எழுத விதி இல்லை என்றான் அவன், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. விக்டோரியா அவள் கையிலிருந்த ரசீதை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் இப்பிடி ஒரு சீட்டு குடுப்பாவளா மைனி?"

பிளாரன்ஸ் ரசீதை மடிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. விக்டோரியா எழுத்துக் கூட்டி வாசிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

விவரம்: மகன் ஒன்று. கட்டணம்: ரூ. 37.50. செலுத்தியது: ரூ. 37.50. பாக்கி: இல்லை.